கம்முனு இருக்கமாட்டேங்குதா கண்ணு?

கிட்டாரைச் சொருகறதுக்கு முன்னாலயே உன்ற ஆம்ப்ளிஃபயர் பாட ஆரம்பிச்சிருச்சுன்னா அதைக் குத்தம்னு எடுத்துக்காத கண்ணு. ஆர்வம். உன்ற அப்பனும் அப்படித்தான், கேள்வி கேக்கறதுக்கு முன்னாலயே பதில் சொல்றவன். எந்தக் கேள்விக்குங்கறதுதான் அவனுக்கும் தெரியாது.

சந்தோசமான சேதியை மொதல்ல சொல்லிப்போடறேன். நீ கட்டியிருக்கறது ஃபெண்டர் சாம்ப், 5எஃப்1 சர்க்யூட்டு. ஒரு 12ஏஎக்ஸ்7, ஒரு 6வி6, ஒரு 5ஒய்3. மொத்தமே மூணு வால்வு, அஞ்சு வாட்டு, எட்டு இஞ்சு ஸ்பீக்கர். இதுல ஒரு கோளாறு ஒளிஞ்சுக்கலாம்னு நெனைச்சாலும் அதுக்கு எடம் கெடையாது. இதைப் போட்ட லியோ ஃபெண்டர், கலிஃபோர்னியாவுல ஃபுல்லர்டன்ங்கற ஊர்ல 1938ல ரேடியோ ரிப்பேர் கடை தொறந்த மனுசன். ஊருக்கே கிட்டாரும் ஆம்ப்பும் பண்ணிக் குடுத்தாரு, கடைசி வரைக்கும் அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. எனக்கும் ரேடியோ ரிப்பேர் தெரியும், கிட்டார் தெரியாது. தகுதியில ரெண்டு பேரும் ஒண்ணுதான். அவரு கம்பெனி வெச்சாரு, நான் மாரியாத்தா நோம்பிக்கு மைக் செட்டு கட்டினேன்.

சரி, உன்ற வீரத்துக்கு வருவோம். ஹம்மிங் வருதுன்னதும் நீ என்ன பண்ணினே? மீட்டரைத் தொட்டியா? இல்லை. ஃபோனைத் தொட்டே. ஸ்லோவாக்கியாவுல இருந்து புது 6வி6 வந்துச்சு. அதுவும் உறுமுச்சு. ஆரஞ்சு நெறத்துல கப்பாசிட்டர் வந்துச்சு. உறுமல் அப்படியேதான் இருந்துச்சு, வெலைதான் கூடிப்போச்சு. அப்பறம் வெள்ளி முலாம் பூசின ஒயரு. அதைப் பாத்ததும் உங்க ஆத்தா கொலுசு பண்ணலாம்னு கேட்டுச்சு. சிலுவாட்டுக்காசு பூராவும் கரைஞ்சாலும் உனக்கு எங்க வலிக்குதுன்னு தெரியல, பொட்டிக்கு எங்க வலிக்குதுன்னும் தெரியல.

கோளாறு எங்கன்னு தெரியற வரைக்கும் இனிமே ஒரு சாமானும் வாங்கப்படாது. மீட்டரு இருக்குது, ஒயரைத் தள்ளிப் பாக்கக் காஞ்ச மூங்கிக் குச்சி இருக்குது, காது ரெண்டு இருக்குது. காதுல இருக்கற அந்த வெள்ளைக் கொட்டையை மட்டும் கழட்டி வெய்யி.

உள்ள கை விடறதுக்கு முன்னால ஒண்ணு கேட்டுக்க. பிளக்கைப் புடுங்கிட்டேன், இனி ஒண்ணும் பண்ணாதுன்னு நெனைக்காத. ஃபில்டர் கப்பாசிட்டர்ல 350, 400 வோல்ட்டு கம்முனு உக்காந்திருக்கும். 10கே ரெசிஸ்டர், அஞ்சு வாட்டு சைஸ், ரெண்டு பக்கமும் முதலை கிளிப்பு. அதை ஒரு பக்கம் சேஸிஸ்லயும் ஒரு பக்கம் கப்பாசிட்டர் பாஸிட்டிவ்லயும் மாட்டி, மீட்டர்ல பூஜ்ஜியம் பாத்தப்பறம் கை வெய்யி. ஸ்க்ரூடிரைவர்ல ‘டப்’புன்னு ஷார்ட் பண்ற வித்தையெல்லாம் வேண்டாம், கப்பாசிட்டரும் கெடும், கண்ணும் கெடும். கரெண்டு இருக்கறப்ப அளக்கோணும்னா இடது கை பாக்கெட்டுக்குள்ள இருக்கட்டும். உனக்கு அது சுலபம், வேலை செய்யறப்ப அங்கதான இருக்குது. அப்பறம் ஸ்பீக்கரைக் கழட்டிப்போட்டு ஆம்ப்பைப் போடாத. லோடு இல்லாம அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போச்சுன்னா அழுதாலும் வராது.

இன்னொண்ணு. மூணு முனை பிளக்குல எர்த் கம்பியை வெட்டினா ஹம்மிங் நின்னுபோகும்னு எவனோ சொன்னான்னு சொன்னியே. சில சமயம் நின்னுபோகும். அப்பறம் உள்ள ஒரு ஒயர் வுட்டுப்போய் சேஸிஸ்ல பட்டுச்சுன்னா, கிட்டார் கம்பி வழியா உன்ற பாட்டும் நின்னுபோகும். எர்த்தைத் தொடாத.

இப்ப கேளு. உன்ற கிட்டார்ல தடிச்ச கம்பி, மூணாவது ஃப்ரெட். அது ஜி, 98 ஹெர்ட்ஸ். அதை மீட்டிப்போட்டு உறுமலோட ஒப்பிட்டுப் பாரு. நம்ம கரெண்டு 50 ஹெர்ட்ஸ். ரெக்டிஃபயரைத் தாண்டினா 100. உறுமல் உன்ற ஜி-யோட ஒட்டி, ஒரு மயிரிழை மேல நின்னு, செகண்டுக்கு ரெண்டு தரம் அலையடிச்சுதுன்னா அது 100. ஃபில்டர் பக்கமோ கிரவுண்டு பக்கமோ தேடு. ஒரு ஸ்தாயி கீழ, முழக்கமா, ஒரே சீரா இருந்துச்சுன்னா அது 50. ஹீட்டர் ஒயரோ, டிரான்ஸ்ஃபார்மர் காத்து வழியா ஊத்தறதோ. எட்டு இஞ்சு ஸ்பீக்கர்ல 50 சரியா கேக்காது, கோன் மேல விரலை வெச்சா துடிக்கறது தெரியும். அமெரிக்காக்காரன் போடற வீடியோவைப் பாத்துச் சுருதி புடிக்காத. அவனுக்கு 60, 120. அவன்ற பொட்டி வேற ராகத்துல உறுமும்.

உன்றது எது? சொல்லு. ... பாத்தியா, காசில்லாம ஒரு சேதி வந்திருச்சு. 100. அதுவும் சுத்தமான 100 இல்ல, ‘ர்ர்ர்’னு பல்லைக் கடிக்கற 100.

அடுத்தது வால்யூமை முழுசாக் கொறை. போகலையா? அப்ப மொதல் ஸ்டேஜும் கிட்டாரும் நிரபராதிங்க. ஏன்னா சாம்ப்ல வால்யூம் கன்ட்ரோலு 12ஏஎக்ஸ்7-ஓட ரெண்டு பாதிக்கும் நடுவுல இருக்குது. இப்ப ஆஃப் பண்ணிப்போட்டு 12ஏஎக்ஸ்7ஐயே கழட்டு. நாங்க அதை ஈசிசி83ன்னு கூப்புடுவோம், ரெண்டும் ஒரே வால்வுதான், நீ அதுக்கும் தனியா ஆர்டர் போட்டுராத. கழட்டிட்டு ஆன் பண்ணு. முக்காவாசி போச்சு, 100க்கு அடியில மறைஞ்சிருந்த 50 கால்வாசி நிக்குது. அப்படின்னா திருடன் ஒருத்தன் இல்ல, ரெண்டு பேரு.

முக்காவாசித் திருடனைப் பாப்போம். கவுத்துப் புடி பொட்டியை. மொதல் ஃபில்டர் கப்பாசிட்டர் எவ்வளவு? 100 மைக்ரோ ஃபாரட்! அந்த சர்க்யூட்டுல போட்டிருக்கறது 16. ஹம்மிங் போகட்டும்னு ஆறு மடங்கு ஊத்தியிருக்கறே. கொழம்புல உப்பு கம்மின்னாலும் நீ இப்படித்தான் போடுவியான்னு உன்ற பொண்டாட்டிகிட்ட நான் கேக்கப்போறதில்ல. கப்பாசிட்டர் பெருசாக ஆக, அது நெரம்பற ஒவ்வொரு தரமும் கரெண்டு கொஞ்ச நேரத்துக்குள்ள படார் படார்னு பாயும், செகண்டுக்கு 100 தரம். பாயறது தப்பில்ல, எந்த வழியாப் பாயுதுங்கறதுதான் சேதி. டிரான்ஸ்ஃபார்மர் சென்டர் டேப்பை அந்தக் கோடி போல்ட்டுல கட்டியிருக்கறே. கப்பாசிட்டர் நெகட்டிவை இந்தக் கோடியில, இன்புட் ஜாக்குக்குப் பக்கத்துல கட்டியிருக்கறே. பாயற கரெண்டு பூராவும் சேஸிஸ் தகரத்துல குறுக்க ஓடி, உன்ற பிரீஆம்ப் உக்காந்திருக்கற எடத்தைத் தாண்டித்தான் ஊடு போய்ச் சேரோணும். வாய்க்கால்ல மேல ஒருத்தன் எருமை கழுவறான், கீழ நீ குடிதண்ணி மொண்டுக்கிட்டிருக்கறே. தண்ணி கலங்கலா வருதுன்னு குடத்தை மாத்தி என்ன புண்ணியம்?

சென்டர் டேப்பை நேரா அந்த மொதல் கப்பாசிட்டர் நெகட்டிவ் கால்லயே பத்தவெய்யி. எருமை அங்கயே சுத்திக்கட்டும். 6வி6 கேத்தோடு ரெசிஸ்டரும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் செகண்டரியும் அங்கயே வரட்டும். அங்க இருந்து ஒரே ஒரு தடி ஒயரு அடுத்த கப்பாசிட்டருக்கு, அதுல இருந்து கடைசிக் கப்பாசிட்டருக்கு, அங்கதான் 12ஏஎக்ஸ்7 சாமானெல்லாம் கிரவுண்டு ஆகோணும். சேஸிஸ்ல ஒரே எடத்துல, இன்புட் ஜாக்குகிட்ட மட்டும் தொடட்டும். மெயின்ஸ் எர்த்துக்கு மட்டும் தனியா சொந்த போல்ட்டு. அப்பறம் அந்த 100ஐக் கழட்டிப்போட்டு 16ஓ 20ஓ போடு. 5ஒய்3 வால்வோட பழைய தாளைப் பாத்தீன்னா 10, 20ன்னுதான் மொதல் கப்பாசிட்டருக்குக் கணக்கு காட்டியிருப்பான். அதுக்கு மேல ஊத்தினா அந்த வால்வு ஒவ்வொரு நாளும் வாழ்நாள்ல கொஞ்சம் உனக்குக் கடன் குடுக்குது.

ஆனா சித்த இரு, உன்ற பொட்டியில 5ஒய்3யே காணமே! அந்த சாக்கெட்டுல என்ன, ரெண்டு டயோடு மொளைச்சிருக்குது? அடக் கெரகமே. இதுக்குள்ள பயாஸ் கதை, பாட்டு இல்லாதப்பவும் வால்வு இழுக்கற கரெண்டுக் கதை, வருது, கால்வாசித் திருடனை முடிச்சுப்போட்டு அங்க வர்றேன்.

கால்வாசித் திருடன் கண்ணு முன்னாலயே நிக்கறான். பவர் டிரான்ஸ்ஃபார்மரையும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரையும் பக்கத்துல பக்கத்துல, ஒரே திசையைப் பாத்து, கல்யாண போட்டோவுக்கு நிக்கறாப்பல வெச்சிருக்கறே. பாக்க லட்சணமாத்தான் இருக்குது. பெருசு காந்தத்தைக் கசிய விடுது, சின்னது அதை ஸ்பீக்கருக்கு ஊத்துது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரைச் சேஸிஸ்ல இருந்து கழட்டு. பிரைமரி ஒயரு ரெண்டையும் அவுத்துத் தனித்தனியா டேப் சுத்து. செகண்டரியில ஒரு ஹெட்ஃபோனை மாட்டு. வால்வு எல்லாம் கழட்டி, ரெக்டிஃபயரையும் கழட்டி, பவர் டிரான்ஸ்ஃபார்மரை மட்டும் உசுரோட வெய்யி. இப்ப அதைக் கையில புடிச்சு மெதுவாத் திருப்பு, நகத்து. ஒரு எடத்துல உறுமல் அடங்கும், பெரும்பாலும் ஒண்ணுக்கொண்ணு குறுக்கா திருப்பி வெக்கறப்ப. அந்த எடத்துல பென்சில்ல கோடு போட்டு ஓட்டை போடு. தலையில ஹெட்ஃபோனோட இரும்புக்கட்டியைக் கையில வெச்சு நீ சுத்தறதைப் பக்கத்து ஊட்டு அம்மிணி பாத்துப்போட்டு உங்க ஆத்தாகிட்ட வந்து விசாரிக்கும். விசாரிக்கட்டும்.

மோட்டாருக்குக் காயில் கட்டறவர்கிட்டக் குடுத்து டிரான்ஸ்ஃபார்மர் கட்டினது நல்ல யோசனை. கோயமுத்தூர்ல காயில் கட்டத் தெரிஞ்ச கைக்குப் பஞ்சமில்ல. ஆனா அவர்கிட்ட ஒண்ணு சொன்னியா? இது ஒத்தை வால்வு அவுட்புட்டு. பயாஸ் கரெண்டு ராப்பகலா டிரான்ஸ்ஃபார்மர் வழியா ஒரே பக்கமா ஓடிக்கிட்டே இருக்கும். அதனால ஸ்டாம்பிங்கை மாத்தி மாத்திச் சொருகப்படாது. ஈ எல்லாம் ஒரு பக்கம், ஐ எல்லாம் ஒரு பக்கம், நடுவுல காகிதம் வெச்சு இடைவெளி விடோணும். இல்லீன்னா இரும்பு மொதல்லயே நெரம்பிப்போயி தடிச்ச கம்பியை மீட்டினா தகர டப்பாச் சத்தம் வரும். சொல்லலையா? சரி, பொழுதோட ஃபோன் போட்டுக் கேளு. அவரு பாட்டுக்கு வெச்சிருந்தாலும் வெச்சிருப்பாரு, அனுபவசாலி.

ஒத்தை வால்வுங்கறதால இன்னொரு சங்கடம். எங்க மைக் செட்டு ஆம்ப்ளிஃபயர்ல ரெண்டு பவர் வால்வு எதிரும் புதிருமா இழுக்கும். சப்ளையில இருக்கற உறுமல் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வந்து டிரான்ஸ்ஃபார்மர்ல ஒண்ணையொண்ணு அடிச்சுக்கும். ரெண்டு வால்வும் ஒரே அளவு கரெண்டு இழுத்தாத்தான் அந்த நாயம் நடக்கும். ஒண்ணு 30 மில்லி, ஒண்ணு 45 மில்லின்னு இழுத்தா அடங்கின உறுமல் திரும்ப எந்திரிச்சுக்கும். அப்ப ஃபில்டரைக் கொடையறவன் காலம் பூரா கொடைஞ்சுக்கிட்டே இருப்பான், கோளாறு பயாஸ்ல இருக்கும். உன்ற சாம்ப்ல அந்தச் சண்டைக்கு ஆளே இல்ல. காதை ஸ்பீக்கர்கிட்ட வெச்சா துளியூண்டு கேக்கத்தான் செய்யும். அதுக்கு மேல அமைதி வேணும்னா கோயலுக்குப் போ.

ஹீட்டர் ஒயரை முறுக்கிப் போட்டிருக்கறே, கண்ணு படப்போகுது. ஆனா 6.3 வோல்ட்டுக்கு நடு முனை எங்க? டிரான்ஸ்ஃபார்மர்ல இல்லீன்னா ரெண்டு 100 ஓம்ஸ் ரெசிஸ்டர், ஹீட்டர் ஒயரு ஒவ்வொண்ணுல இருந்தும் ஒண்ணு, ரெண்டும் சேர்ற எடம்தான் நடு முனை. அதைக் கிரவுண்டுல கட்டாம 6வி6 எட்டாவது பின்னுல, கேத்தோடுல கட்டு. ஹீட்டர் இருபது வோல்ட்டுக்குப் பக்கம் மேல உக்காந்துக்கும், 12ஏஎக்ஸ்7 கேத்தோடுக்குள்ள ஹீட்டர்ல இருந்து கசியற 50 ஹெர்ட்ஸ் அடங்கிப்போகும். செலவு ரெண்டு ரெசிஸ்டர். இதுக்கு மட்டும் ஃப்ரீ டெலிவரி கெடைக்காது, என்ற டப்பாவுல இருந்தே எடுத்துக்க.

இப்ப டயோடு. 5ஒய்3 வெலை அதிகம்னு சாக்கெட்டுக்கு அடியில 1என்4007 ரெண்டு பத்தவெச்சே. தெய்வமே. 325-0-325 டிரான்ஸ்ஃபார்மர்ல ஒவ்வொரு டயோடும் தலைகீழாத் தாங்கற வோல்ட்டு 919. அந்த டயோடு தாங்கறது 1000. நம்ம ஊர்ல ராத்திரி பம்புசெட்டெல்லாம் நின்னப்பறம் லைன் 250ஐத் தொட்டா உன்ற டயோடு ஓரத்துல நின்னு எட்டிப் பாக்கும். டயோடுதான் வேணும்னா பக்கத்துக்கு ரெண்டு ரெண்டா வரிசையாப் போடோணும். அது சின்ன விசயம். பெரிய விசயம், 5ஒய்3 தனக்குன்னு அறுபது வோல்ட்டுக்குப் பக்கம் முழுங்கிக்கிட்டு மிச்சத்தைத்தான் குடுக்கும். டயோடு ஒண்ணையும் முழுங்காது. எல்லாத்தையும் கொண்டுபோய் 6வி6 தலையில கொட்டும்.

லைட்டை அணைச்சுப்போட்டு 6வி6ஐப் பாரு. நடுவுல ஹீட்டர் செவக்கறது அழகு. கண்ணாடி உள்பக்கம் நீலமா மின்னறதும் பயமில்ல. ஆனா அந்தக் கருப்புச் சட்டை, பிளேட்டு, ஓரத்துல செவந்துக்கிட்டு வருதே, அது அழகில்ல கண்ணு, காய்ச்சல். ‘டோன் சூடா இருக்குது தாத்தா’ன்னியே, இதைத்தான் சொன்னியா?

மீட்டரை எடு. எட்டாவது பின்னு, கேத்தோடு: 25 வோல்ட்டு. ரெசிஸ்டர் 470 ஓம்ஸ். வகு. 53 மில்லி ஆம்பியர். அதுல மூணு ஸ்க்ரீனுக்குன்னு கழி, பிளேட்டுக்கு 50. மூணாவது பின்னு, பிளேட்டு: 410. அதுல கேத்தோடு 25ஐக் கழிச்சா 385. பெருக்கு. 19 வாட்டு! 6வி6 தாங்கறது பழைய கணக்குல 12, பின்னால வந்த கணக்குல 14. ஸ்லோவாக்கியா வால்வா இருக்கவேதான் இத்தனை நாள் பொறுத்துது.

இரு, இன்னும் இருக்குது. அஞ்சாவது பின்னு, கிரிட்டு. அங்க டிசி பூஜ்ஜியம் இருக்கோணும். மூணு வோல்ட்டு காட்டுது. அதுக்கு முந்தின கப்பாசிட்டர் கசியுது. அங்க என்ன போட்டிருக்கறே? மெழுகுக் காகிதக் கப்பாசிட்டர்! இது என்ற அட்டாலி டப்பாவுல இருந்ததாச்சே. வால்யூமுக்கு முன்னால ஆரஞ்சு, 6வி6க்கு முன்னால ‘விண்டேஜ்’. பேரன் திருடினா அது திருட்டில்ல, பாகப்பிரிவினை, அதை விடு. உங்க அப்பன் டவுசர் போட்ட காலத்துச் சாமான் அது, ஈரம் குடிச்சு உள்ள கரெண்டு கசியுது. கிரிட்டுல மூணு வோல்ட்டு ஏறினா வால்வு இன்னும் கொஞ்சம் தொறந்துக்கும், கரெண்டு கூடும், பிளேட்டு செவக்கும். பழங்காலச் சத்தம் வேணும்னு பழங்காலக் கோளாறை விலைக்கு வாங்கற கூட்டத்துல என்ற பேரனும் சேந்துட்டான்.

0.02 மைக்ரோ, 600 வோல்ட்டு, புது பிலிம் கப்பாசிட்டர் போடு. ஆரஞ்சே இன்னொண்ணு மிச்சம் இருக்குமே, மொதல் தரம் ரெண்டா வாங்கினே. கேத்தோடு பைபாஸ் கப்பாசிட்டர் 25 மைக்ரோ, 25 வோல்ட்டுன்னு எழுதியிருக்குது, அதை 25 வோல்ட்டுல உக்கார வெச்சிருக்கறே. 50 வோல்ட்டுக்காரனை மாத்து. டயோடைக் கழட்டிப்போட்டு 5ஒய்3யைப் போடு. காசு? அந்த ரெண்டாவது 6வி6ஐத் திருப்பி அனுப்பு.

இப்ப அளந்தா பிளேட்டு 345 பக்கம் வரோணும், கேத்தோடு 19. அதை 470ல வகுத்தா 40 மில்லி, ஸ்க்ரீன் போக 38 வெச்சுக்க. 326ஐ 38 மில்லியால பெருக்கினா பன்னண்டரை வாட்டுக்குப் பக்கம். ஃபெண்டர் போட்ட சர்க்யூட்டு இந்தக் கணக்குலதான் வாழுது. இதுக்கும் கீழ எறக்கோணும்னா 470ஐ 560ஆக்கு, வால்வு இன்னும் கொஞ்ச நாள் கூட இருக்கும். ரொம்ப எறக்கினா சத்தம் சப்புன்னு ஆகிப்போகும், கெடுக்கறதுக்கு ரெண்டு வழி இருக்குது.

அளக்கறதைப் பொழுதோட அளக்காத. மோட்டார் எல்லாம் ஓடற நேரத்துல லைன் 200க்கு எறங்கும், எல்லாம் நல்லாருக்குன்னு நீ படுத்துக்குவே. ராத்திரி லைன் ஏறினப்பறம் அளந்து எழுதி வெய்யி. ஹீட்டரையும் அப்பவே பாரு, 6.9ஐத் தாண்டப்படாது.

இத்தனையும் பண்ணினப்பறமும் கிட்டாரைச் சொருகினா மட்டும் உறுமுதுன்னா, பொட்டியைத் திட்டாத. உன்ற கிட்டார்ல சிங்கிள் காயில். டிரான்ஸ்ஃபார்மர்கிட்ட உக்காந்து வாசிச்சா அதையும் சேத்துத்தான் புடிக்கும். நாற்காலியை நகத்து, கிட்டாரை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பு, ஒரு திசையில அடங்கும். இந்தத் தொந்தரவுக்குத்தான் கிப்சன் கம்பெனியில சேத் லவர்ங்கறவரு ரெண்டு காயிலை எதிரெதிரா வெச்சு ஹம்பக்கர் பண்ணி 1955ல பேட்டண்ட்டுக்குப் போட்டாரு. அதைச் சொன்னது தப்பாப் போச்சு. உன்ற கை ஃபோனைத் தேடுது பாரு.

வெய்யி அதை. மொதல்ல அந்தச் சென்டர் டேப்பை அவுரு. சால்டர் 60-40 இருந்தாக் கொண்டா, உன்ற ஈயமில்லாத சால்டரு என்ற அயர்ன்ல உருகாது.